கூட்ஸ் வண்டித் தடத்தின் ஓரமாக: சோன் கரையிலிருந்து நாவா ஷேவா வரை

ஞாயிறு, டெஹ்ரி ஆன் சோன்

இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்திருக்கும் தண்டவாளத்தில் டிக்கெட் வாங்கிப் போக முடியாது. சரக்கு ரயில்களுக்கு மட்டும் என்று தனியாகப் போட்ட தடம் அது. கிழக்குத் தடம் பீகாரின் சோன்நகரில் தொடங்கி, உத்தரப் பிரதேசத்தைக் குறுக்கே கடந்து, பஞ்சாபின் லூதியானா வரை 1,337 கிலோமீட்டர் போகிறது. மேற்குத் தடம் தில்லியை ஒட்டிய தாத்ரியிலிருந்து ஹரியானா, ராஜஸ்தான், குஜராத் வழியாக மும்பைக்கு எதிர்க்கரையில் நாவா ஷேவாவில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர். இரண்டும் பெரும்பாலும் பழைய பாதையை ஒட்டியே போகின்றன. அதனால் சாதாரண ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு போகலாம். 2024 டிசம்பரில் விடுப்பு கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

தூத்துக்குடியில் கன்டெய்னர் அனுப்பும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பெட்டிகள் எல்லாம் லாரியில்தான் வருகின்றன. ரயிலில் வந்தால் என்ன என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

கயாவில் இறங்கி இங்கே வர மதியமாகிவிட்டது. சென்னையிலிருந்து கூடவே வந்த தமிழ்க் குடும்பங்கள் பிண்டம் போடக் கயாவிலேயே தங்கிவிட்டன. டெஹ்ரியில் எனக்கு முதல் வேலை சோன் ஆற்றுப் பாலத்தைப் பார்ப்பது. 1900இல் திறந்த பாலம், மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். ஜார்க்கண்டின் நிலக்கரி இந்தப் பக்கமாகத்தான் மேற்கே போகிறது. உத்தரப் பிரதேசம், ஹரியானா, பஞ்சாபின் அனல்மின் நிலையங்கள் எரிவது அதை நம்பித்தான். 2022 கோடையில் மின்நிலையங்களில் நிலக்கரி இருப்பு குறைந்தபோது, கூட்ஸ் வண்டிக்கு வழிவிடப் பல நூறு பயணிகள் ரயில் நடைகளை ரத்து செய்தார்கள். நாட்டின் ரயில் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி என்பதை அந்தக் கோடையில் ஊருக்குப் போக முடியாமல் நின்றவர்கள் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

திங்கள், பபுவா ரோடு

டெஹ்ரியிலிருந்து ஒரு பாசஞ்சர் வண்டியில் ஏறி பபுவா ரோட்டில் இறங்கி, காலை முழுக்க நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். பனிமூட்டம் விலக நேரமாயிற்று. டீக்கடைக்காரர் என்னை ரயில்வே ஆள் என்றே முடிவு செய்துவிட்டார்.

ஹவுரா-தில்லிப் பாதை நாட்டிலேயே நெரிசலான பாதைகளில் ஒன்று. தில்லி, மும்பை, சென்னை, ஹவுரா நான்கையும் இணைக்கும் பக்கங்களும் மூலைவிட்டங்களும் சேர்ந்து மொத்த ரயில் பாதை நீளத்தில் 16 சதவீதம்தான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட சரக்கும் பாதிக்கு மேற்பட்ட பயணிகளும் அதன் மேல்தான் போகிறார்கள். தனித்தடம் போட முடிவெடுத்த காலத்தில் ஹவுரா-தில்லி, மும்பை-தில்லிப் பாதைகள் தாங்கவேண்டியதைவிட 15 முதல் 50 சதவீதம் கூடுதலாகச் சுமந்துகொண்டிருந்தன.

இதில் எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் வேக வித்தியாசம். 130இல் வரும் ராஜதானியும் 60இல் வரும் நிலக்கரி வண்டியும் ஒரே தடத்தில் ஓடினால், பின்னால் வருவது முன்னால் போவதைப் பிடித்துவிடும். பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் கூட்ஸை எங்கோ லூப் லைனில், அதாவது மெயின் லைனுக்குப் பக்கத்தில் வண்டி ஒதுங்கி நிற்கும் தடத்தில், ஒதுக்க வேண்டும். ஒதுக்குவதற்கு வேகம் குறைக்கணும், உள்ளே போகணும், நிற்கணும், சிக்னல் கிடைத்த பிறகு நாலாயிரம் டன்னை மறுபடி நகர்த்திக் கிளப்பணும். ஒற்றையடிப் பாதையில் மாட்டுவண்டியையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக விட்டால் இரண்டுக்கும் கஷ்டம் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்திய ரயில்வேயில் கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைச் சுற்றியே பல காலம் நின்றதற்குக் காரணம் இன்ஜின் அல்ல, இந்த ஒதுங்கி நிற்பதுதான்.

லூப் லைனுக்கு ஒரு நீளம் உண்டு. பழைய வழக்கப்படி வண்டி முழுதாக நிற்க 686 மீட்டர். அதனால்தான் நம் கூட்ஸ் வண்டிகள் எல்லாமே 700 மீட்டருக்குள் அடங்குகின்றன. ஐம்பத்தெட்டு திறந்த வேகன், கடைசியில் கார்டு பெட்டி. அதற்கு மேல் ஒரு வேகன் கூட்டினால் வால் மெயின் லைனை அடைத்துக்கொண்டு நிற்கும். புதிய தடத்தில் லூப் 1,500 மீட்டர். இரண்டு வண்டியை ஒன்றாகக் கோத்து ஒரே வண்டியாக அனுப்பலாம். ஒரே ஒரு அளவை மாற்றியதால், சிக்னலையோ ஓட்டுநர்களையோ இரட்டிப்பாக்காமல், போகும் சரக்கு இரட்டிப்பாகிறது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

பனி விலகியதும் புதிய தடத்தில் ஒரு நிலக்கரி ரேக், அதாவது முழு வண்டியாகக் கோத்த வேகன் வரிசை, போயிற்று. முன்னால் டபிள்யூ.ஏ.ஜி. 12பி இன்ஜின், இரட்டை உடம்பு, 12,000 குதிரைத்திறன், இதே பீகாரின் மாதேபுராவில் செய்தது. பழைய தடத்தில் என் கண்முன்னே இன்னொரு ரேக் லூப்பில் நின்றது. அதைத் தாண்டி எக்ஸ்பிரஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. தனித்தடத்தில் போன வண்டி எங்கேயும் தயங்கவில்லை, சக்கரச் சத்தம் ஒரே தாளத்தில் வந்து அதே தாளத்தில் தேய்ந்தது. அங்கே 25 டன் அச்சுச்சுமை அனுமதி, நாலு அச்சு வேகன் ஒன்று சரக்கோடு சேர்த்து 100 டன் வரை இருக்கலாம். ஏற்றமும் குறைவு. 200 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் அளவுக்குத்தான் சரிவு வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய், தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு

முகல்சராய் என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். 2018இல் பெயர் மாறியது. ஆசியாவிலேயே பெரிய யார்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

மேம்பாலத்தில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் விரிந்துகொண்டே போகின்றன. ஒரு காலத்தில் இங்கே ஒவ்வொரு வேகனாகப் பிரித்து, மேட்டிலிருந்து உருட்டிவிட்டு, ஊர்வாரியாகச் சேர்ப்பார்கள். ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகன் பதிவு செய்யலாம். 1980களில் ரயில்வே அதைக் கைவிட்டு, முழு ரேக்காகக் கொடுத்தால்தான் எடுப்போம் என்ற வழிக்குப் போனது. ரயில்வே பக்கத்து நியாயம் இல்லாமல் இல்லை. வேகன்கள் யார்டில் நாள்கணக்கில் கிடந்தன, முழு ரேக் வந்ததும் அதே வேகன் அதிக நடை போயிற்று. ஆனால் நூறு டன் வைத்திருந்த வியாபாரி லாரி ஆபீசுக்குப் போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் சரக்கில் எண்பது சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. 2020இல் வந்த தேசிய ரயில் திட்ட வரைவு சொன்ன கணக்கு 27 சதவீதம். அதை 2030க்குள் 45 ஆக்க வேண்டும் என்கிறது அதே திட்டம்.

நிலக்கரியும் இரும்புத்தாதுவும் எப்படியும் ரயிலில்தான் வரும். 27இலிருந்து 45 போக வேண்டுமென்றால் அந்த நூறு டன் வியாபாரி திரும்பி வரவேண்டும். அவருக்குத் தேவை அவர் ஊருக்குப் பக்கத்தில் ஏற்ற ஓர் இடமும், இத்தனை மணிக்கு வண்டி வரும் என்ற உறுதியும். யார்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க இதுதான் மனசில் ஓடியது.

புதன், பிரயாக்ராஜ்

ஊர் முழுக்க கும்பமேளா வேலை. ஜனவரி 13இல் தொடங்குகிறது. ஸ்டேஷனில் தடுப்புக் கம்பிகள், பெயின்ட் வாசனை, இரவிலும் வெல்டிங் வெளிச்சம்.

கிழக்குத் தடம் முழுவதையும் ஓரிடத்திலிருந்து பார்த்து நடத்தும் கட்டுப்பாட்டு மையம் இந்த ஊரில் இருக்கிறது. 2020 டிசம்பர் 29இல், நியூ பாவூப்பூர்-நியூ குர்ஜா 351 கிலோமீட்டரோடு சேர்த்து பிரதமர் திறந்துவைத்தார். உள்ளே போக அனுமதி வேண்டும், நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் இந்த ஊரில் தனித்தடத்தின் பயன் வெளியிலிருந்தே தெரிகிறது. கோடிக்கணக்கான பக்தர்களுக்குச் சிறப்பு ரயில் விட வேண்டுமென்றால் மெயின் லைனில் இடம் வேண்டும். கூட்ஸ் வண்டிகள் பக்கத்துத் தடத்துக்குப் போனதால்தான் அந்த இடம் கிடைக்கிறது. சரக்குக்குப் போட்ட தடம் பயணிகளுக்கும் போட்ட தடம்தான். பட்ஜெட் பேச்சுகளில் இதை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

இந்தத் திட்டத்துக்கான கம்பெனியைத் தொடங்கியது 2006 அக்டோபரில். முதல் பெரிய துண்டு திறந்தது 2020இல். நடுவில் 14 ஆண்டுகள். நிலம் எடுப்பதில் வழக்குகள், ஊருக்கு ஊர் இழப்பீட்டுப் பேச்சு, கடன் ஒப்பந்தம். கிழக்குத் தடத்தின் பெரும்பகுதிக்கு உலக வங்கி, மேற்குத் தடத்துக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட செலவு 81,459 கோடி ரூபாய், அதன் பிறகு அது ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இதை வைத்துத் திட்டமே தவறு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் தடம் என்பது நெரிசல் வந்த பிறகு போட ஆரம்பித்தால் இருபது வருடம் பிந்தித்தான் வரும். இன்றைக்கு வேண்டியதை இருபது வருடம் முன்னால் யாரோ வரைந்திருக்க வேண்டும்.

வியாழன், குர்ஜா

கான்பூர், துண்ட்லா, அலிகார் எல்லாம் சன்னலில் கடந்து போயின. கடுகு வயல்கள் பூக்கத் தொடங்கியிருக்கின்றன. எங்கள் வண்டியை இரண்டு கூட்ஸ் வண்டிகள் முந்திப் போயின. சின்ன வயதில் நான் பார்த்த ரயில் உலகத்தில் அது நடக்கவே நடக்காது.

குர்ஜா பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். சரக்குத் தடத்துக்கு இது முக்கியமான முடிச்சு. கிழக்குத் தடம் இங்கிருந்து வடக்கே பஞ்சாபுக்குத் திரும்புகிறது. 46 கிலோமீட்டர் இணைப்பு ஒன்று தாத்ரிக்குப் போய் மேற்குத் தடத்தைத் தொடுகிறது. தடம் இங்கிருந்து லூதியானாவை ஒட்டிய சாஹ்னேவால் வரை 401 கிலோமீட்டர் ஒற்றைத் தடம்.

ஒற்றைத் தடத்தின் கொள்ளளவைக் கணக்கிட நம் ரயில்வேயில் காலங்காலமாக ஒரு சூத்திரம் உண்டு, ஸ்காட் சூத்திரம் என்பார்கள். ஒரு நாளின் 1,440 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு இடையில் மிக நீளமான துண்டு எது என்று பாருங்கள். அதைக் கடக்க வண்டிக்கு ஆகும் நிமிடத்தையும் சிக்னல் வாங்கிக் கொடுக்க ஆகும் நிமிடத்தையும் கூட்டி, 1,440ஐ அதால் வகுங்கள். வருவதில் 70 சதவீதம்தான் நிஜத்தில் கிடைக்கும். கடக்க 15 நிமிடம், சிக்னலுக்கு 5 நிமிடம் என்றால் 72 வரும், அதில் 70 சதவீதம் சுமார் 50. இரண்டு பக்கமும் சேர்த்து நாளைக்கு 50 வண்டி, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, மற்ற எல்லாத் துண்டுகளும் எட்டு நிமிடத்தில் கடக்கக்கூடியவையாக இருந்தாலும் கணக்கு மாறாது. மோசமான அந்த ஒரே துண்டுதான் முழுப் பாதைக்கும் எண்ணைத் தீர்மானிக்கிறது. அங்கே நடுவில், எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் கிராசிங் ஸ்டேஷன் ஒன்று போட்டால் மொத்தப் பாதையும் மூச்சுவிடும். ஆயிரம் கோடி கொட்டி நல்ல துண்டுகளை இன்னும் நல்லதாக்கினால் ஒரு வண்டிகூடக் கூடாது. திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் முதலில் தேடவேண்டியது அந்தத் துண்டைத்தான்.

வெள்ளி, ரேவாரி

தாத்ரியில் கன்டெய்னர் டிப்போவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ரேவாரி வந்தேன். பழைய நீராவி இன்ஜின் ஷெட் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், நேரம் இருப்பவர்கள் தவறவிடாதீர்கள். எனக்கு நேரம் இல்லை. நியூ அடேலி பக்கம் ஒரு சாலை மேம்பாலத்தில் போய் நின்றேன். தனித்தடத்தில் ரயில்வே கேட் கிடையாது, சாலைகள் எல்லாம் மேலே அல்லது கீழே போகின்றன. அதனால் பார்க்கப் பாலங்கள் நிறைய.

மேலே ஓடும் மின்கம்பியின் உயரத்தைப் பார்த்ததும் வழக்கமான பாதையோடு வித்தியாசம் தெரிந்துவிட்டது. மற்ற இடங்களில் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் கம்பி இங்கே ஏழரை மீட்டரில் போகிறது. கன்டெய்னர் மேல் கன்டெய்னர் வைத்து மின்சார இன்ஜின் இழுக்க வேண்டும் என்பதற்காக. அமெரிக்காவில் இரட்டை அடுக்கு ரயில் பல காலமாக ஓடுகிறது, ஆனால் அங்கே டீசல், மேலே கம்பி இல்லை. வேகனும் நடுவில் தாழ்ந்த தொட்டி மாதிரி இருக்கும். நமக்கு அகலப் பாதை என்பதால் சாதாரணத் தட்டை வேகனிலேயே இரண்டு அடுக்கு நிற்கிறது. 2021 ஜனவரி 7இல் இந்த நியூ அடேலியிலிருந்துதான் நியூ கிஷன்கட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீள இரட்டை அடுக்கு மின்சார ரயில் முதலில் கிளம்பியது.

ஒரு மணி நேரத்துக்குள் வண்டி வந்தது. பாலத்துக்கு அடியில் மேலடுக்குப் பெட்டிகளின் கூரை என் காலுக்குக் கீழே கை எட்டும் தூரத்தில் போவது போல இருந்தது. இந்த வேலையில் இருக்கிறவன் கண் எங்கே போகுமோ அங்கே போயிற்று: இரண்டு பெட்டிகளும் சந்திக்கும் மூலை. நான்கு மூலையிலும் பூட்டு. கீழே கனமான பெட்டி, மேலே லேசானது. எடை மாறிப்போனால் வளைவில் வண்டி சாயும். பெட்டிக்கு எடைச் சீட்டு சரியாகக் கொடுக்கவேண்டும் என்று எங்கள் ஆபீசில் தினமும் கத்துகிறோமே, அது யாருக்காக என்பது இங்கே நின்றால் புரியும். ஒன்றரை கிலோமீட்டர் வண்டி ஒன்று 20 அடிப் பெட்டி கணக்கில் 360 வரை எடுத்துப் போகும். சாதாரண கன்டெய்னர் ரேக் 90.

ரேவாரிக்கும் தாத்ரிக்கும் நடுவில் ஆரவல்லி மலை குறுக்கிடுகிறது. சோஹ்னாவுக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் குகை குடைந்திருக்கிறார்கள். இரண்டு தடம், அதன் மேல் இரண்டடுக்குப் பெட்டி, அதற்கும் மேல் மின்கம்பி, எல்லாம் ஒரே குகைக்குள். நூறு ஆண்டுக்கு நிற்கப்போகும் கட்டுமானத்தில் உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்காமல் இருந்தது பெரிய விஷயம். கிழக்குத் தடத்தில் இரட்டை அடுக்குக்கான உயரம் இல்லை, அங்கே நிலக்கரிதானே என்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவு எனக்கு உறுத்துகிறது. இரண்டு தடமும் தாத்ரியில் கைகோக்கின்றன, ஆனால் குஜராத்திலிருந்து வரும் இரட்டை அடுக்கு வண்டி அப்படியே கான்பூர் போக முடியாது.

ஞாயிறு, பாலன்பூர்

ராஜஸ்தானை ஒரு பகலில் கடந்தேன். கிஷன்கட்டில் சலவைக்கல் அடுக்குகள், அப்புறம் மணல், அப்புறம் சிமென்ட் ரேக்குகள்.

பாலன்பூர் வந்தால் தடத்தின் வேலை என்ன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முந்த்ரா, காண்ட்லா, பிபாவாவ் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கு குஜராத்தின் இந்த வடக்குப் பக்கத்தில்தான் தனித்தடத்தைப் பிடிக்கிறது. இன்னொன்றும் உண்டு. லாரியையே ரயில் வேகன் மேல் ஓட்டி ஏற்றி, சுமார் 630 கிலோமீட்டர் தள்ளி நியூ ரேவாரியில் இறக்கும் சேவை. பனாஸ் டெய்ரியின் பால் டேங்கர்கள் அப்படித்தான் தில்லிப் பக்கம் போகின்றன. கொங்கண் ரயில்வே 1999லிருந்தே இதைச் செய்துவருகிறது, இங்கே அது தனித்தடத்தில்.

நெடுஞ்சாலைத் தாபாவில் நாமக்கல் பதிவு லாரி ஒன்று நின்றது. டிரைவர் அண்ணன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"தூத்துக்குடிங்கண்ணா."

"அட, அவ்வளவு தூரத்திலிருந்தா? இங்க என்ன ஜோலி?"

கூட்ஸ் ரயில் தடம் பார்க்க வந்தேன் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் சிரிக்கவில்லை. இந்த ரோட்டில் ராத்திரி ஓட்டுவது எப்படி இருக்கும், பனியில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எவ்வளவு தாமதமாகத் தெரியும் என்று சொன்னார். லாரியை ரயிலில் ஏற்றும் சேவை பற்றிக் கேட்டேன்.

"நல்லதுதானுங்க தம்பி. ராத்திரி தூக்கம் முழிக்க வேண்டாம், டயர் தேயாது. ஆனா ஏத்தறதுக்கு எத்தனை நேரம் நிக்கோணும், எறக்கறதுக்கு எத்தனை நேரம் நிக்கோணும்? அதச் சொல்லுங்க மொதல்ல. ரயிலு நூறுல போகட்டும், நான் கேட்டுக்கு முன்னால அரை நாள் நின்னா எனக்கு அது அம்பதுதானுங்களே."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தடத்தின் உச்ச வேகம் மணிக்கு 100. முதலாளி கணக்குப் போடுவது சரக்கு கிடங்கை விட்டுக் கிளம்பியதிலிருந்து வாங்குபவரின் வாசலில் இறங்கும்வரை ஆன நேரத்தை. நடுவில் தடம் மிச்சம் பிடித்த மணிநேரத்தை, சரக்கு ஏற்றி இறக்கும் டெர்மினலின் வரிசை தின்றுவிட்டால் அவர் மறுபடி லாரிக்குத்தான் போவார். டெர்மினலில் எத்தனை கிரேன், எத்தனை தடம், ரேக் வந்த எத்தனை மணியில் திரும்பும் என்பதும் தடத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் தடம் ஒருவர் பொறுப்பு, டெர்மினல் இன்னொருவர் பொறுப்பு, இணைப்புச் சாலை மூன்றாமவர் பொறுப்பு.

செவ்வாய், நாவா ஷேவா

மும்பையிலிருந்து நேருல் வந்து உரண் லோக்கல் பிடித்தேன். 2024 ஜனவரியில்தான் இந்தப் பாதை உரண் வரை முழுதாகத் திறந்தது, அதில் நாவா ஷேவா என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சதுப்பு நிலம், உப்பளம் மாதிரி வெளுத்த தரை, அதற்கு அப்பால் கிரேன்கள். ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக.

2024 டிசம்பர் நிலவரப்படி தனித்தடம் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. 2,843 கிலோமீட்டரில் 2,741 முடிந்துவிட்டது. மிச்சம் வைதர்ணாவிலிருந்து இந்தத் துறைமுகம் வரை 102 கிலோமீட்டர். பால்கர், தாணே, ராய்கட் மாவட்டங்கள். மலை, ஆறு, சதுப்பு, நெருக்கமான வீடுகள். கஷ்டமான துண்டு என்பது லோக்கல் ரயிலிலிருந்தே தெரிகிறது. வேலை செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் எந்தத் துண்டை முதலில் போட்டார்கள் என்ற வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த 102 கிலோமீட்டர் இல்லாததால் இங்கிருந்து வடக்கே போகும் பெட்டிகள் பழைய பாதையில் போகின்றன. அங்கே கம்பி தாழ்ந்தது, அதனால் ஒற்றை அடுக்கு. அதே பாதையில் மும்பையின் பயணிகள் ரயில்களும் ஓடுகின்றன. முந்த்ராவும் பிபாவாவும் இரட்டை அடுக்கில் அனுப்பும்போது, எந்தத் துறைமுகத்தைத் தடத்தின் முனையாக வைத்தார்களோ அது காத்திருக்கிறது. குர்ஜாவில் எழுதிய ஸ்காட் சூத்திரத்தை இங்கே பெரிதாக்கிப் பாருங்கள், அதே கதைதான். துறைமுகத்தையொட்டிய கடைசி நூறு கிலோமீட்டர்தான் நிலம் கிடைக்காத, விலை கூடிய, வழக்கு நிறைந்த பகுதி. அதை முதலில் தொட்டிருந்தால் 2006 விலைக்கு எடுத்திருக்கலாம், அன்றைக்கு இத்தனை கட்டடங்களும் இல்லை. எளிதான துண்டை முதலில் திறந்தால் படம் எடுக்க வசதி, சரக்குக்கு வசதி இல்லை.

துறைமுகத்துக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. இங்கே பல டெர்மினல்கள். ஒரே ரயிலில் வரும் பெட்டிகள் வேறு வேறு டெர்மினல் கப்பலுக்கு உரியவை. ஒரே டெர்மினலுக்கான பெட்டிகளாக ரேக்கை நிரப்பக் காத்திருந்தால் தாமதம், கலந்து அனுப்பினால் உள்ளே இடம்மாற்றும் வேலை. ஒன்றரை கிலோமீட்டர் வண்டி வரத் தொடங்கினால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். அதற்கான தடங்களை இப்போதே போட்டுவைக்க வேண்டும்.

புதன், சென்னை திரும்பும் ரயிலில்

மேல் பர்த்தில் தேசிய ரயில் திட்ட வரைவின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அடுத்து மூன்று தடங்கள் வரைந்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைத் தடம் கரக்பூரிலிருந்து விஜயவாடா. கிழக்கு-மேற்குத் தடம் மும்பைப் பக்கமிருந்து நாக்பூர் வழியாக வங்காளம். வடக்கு-தெற்குத் தடம் இட்டார்சியிலிருந்து நாக்பூர் வழியாக, அதுவும் விஜயவாடா.

விஜயவாடாவுக்குத் தெற்கே கோடு இல்லை. முன்பு ஆய்வுப் பட்டியலில் சென்னை-கோவா தெற்குத் தடம் ஒன்று இருந்தது, இந்த மூன்றில் அது இல்லை. எண்ணூரும் சென்னையும் காட்டுப்பள்ளியும் விஜயவாடாவிலிருந்து ஓர் இரவுப் பயணத்துக்குள் இருக்கின்றன. கூடூர்-சென்னைப் பாதையில் பயணிகள் ரயிலும் கூட்ஸும் ஒரே தடத்துக்குப் போட்டி போடுகின்றன. வாலாஜாபாத்திலிருந்து கார் ஏற்றிய ரேக்குகள் அந்த வழியில்தான் வடக்கே போகின்றன. வடக்கே தனித்தடம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் எங்கள் வண்டி விஜயவாடா சேரும்வரை பழைய வேகம்தான்.

இனி தூத்துக்குடி விஷயத்துக்கு வருகிறேன். மதுரை வரை இரட்டைப் பாதை வந்துவிட்டது, சந்தோஷம். திருப்பூர் பனியனும் கரூர் வீட்டுத் துணியும் இன்னும் லாரியில்தான் துறைமுகத்துக்கு வருகின்றன. கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் கன்டெய்னர் டிப்போ இருக்கிறது, பாதை இருக்கிறது, துறைமுகத்துக்குள் தண்டவாளம் இருக்கிறது. இல்லாதது, வாரத்தில் இன்ன நாள் இன்ன மணிக்கு வண்டி என்ற நிச்சயம். சரக்கு இருந்தால் வண்டி விடுவோம் என்கிறார்கள், வண்டி இருந்தால் சரக்கு தருவோம் என்கிறோம். முதல் ஆறு மாதம் பாதி காலியாகவே ஓடினாலும் பரவாயில்லை என்று ஒருவர் துணிய வேண்டும். அது அரசாகத்தான் இருக்க முடியும்.

தெற்கே புதிய தடத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கூடூரிலிருந்து சென்னை வரையும், சென்னையிலிருந்து மதுரை வரையும் நாலைந்து ஸ்டேஷனில் லூப்பை 1,500 மீட்டராக நீட்டலாம். எந்தத் துண்டு எண்ணைத் தீர்மானிக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் மூன்றாம் தடம் போடலாம். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 2022இல் அடிக்கல் நாட்டிய சரக்குப் பூங்காவுக்கு ரயில் இணைப்பு வரவேண்டியிருக்கிறது. அதை வரையும்போதே ஒன்றரை கிலோமீட்டர் வண்டி வளையாமல் உள்ளே வந்து முழுதாக நிற்க இடம் விடுங்கள், மேலே இரட்டை அடுக்குக்கு உயரம் விடுங்கள், இரண்டாவது நுழைவுக்கு நிலம் ஒதுக்குங்கள். அங்கே சுற்றிலும் இன்னும் வயல்தான் இருக்கிறது.